சென்னையில் ஒரு குவாண்டம் கணினி கட்ட யார் யார் சேர வேண்டும்?

சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: “சார், குவாண்டம் கணினி என்றாலே பெங்களூர், மும்பை, இப்போது அமராவதி என்றுதான் செய்தி வருகிறது. நம் ஊரில் ஐஐடி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் சொந்தமாக ஒன்று கட்ட முடியாதா? என்னைப்போல் கலைக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அதில் ஏதாவது வேலை இருக்குமா?”

கட்ட முடியும். ஆயிரம் கியூபிட் வேண்டாம் (0, 1 இரண்டு நிலைகளையும் ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுதான் கியூபிட்). ஐந்து முதல் ஏழு கியூபிட் உள்ள ஒன்றைக் கட்டுவதற்கான ஆட்களும் அறிவும் கிண்டியிலிருந்து கல்பாக்கம் வரைக்குமான எழுபது கிலோமீட்டருக்குள் சிதறிக் கிடக்கின்றன. உங்களுக்கும் அதில் வேலை உண்டு. ஆனால் இந்த இரண்டுமே, நிறுவனங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பொறுத்தவை. நான் முப்பது வருடத்துக்கு மேல் தாழ்வெப்பநிலை ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோட்பாடு எனக்கு ஓரளவுதான் தெரியும். பம்ப், வால்வு, கசிவு, ஹீலியம் இவை நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குவாண்டம் கணினியைப் பயன்படுத்துவது ஒன்று, வாங்கி வைப்பது ஒன்று, கட்டுவது ஒன்று. செய்திகளில் மூன்றும் ஒரே மாதிரி வருகின்றன. 2022-ல் ஐஐடி மெட்ராஸ் ஐபிஎம்மின் குவாண்டம் வலையமைப்பில் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து அதில் சேர்ந்த முதல் நிறுவனம் அது. அதன் பலன், எங்கோ இருக்கும் கணினிக்கு இங்கே உட்கார்ந்து நிரல் அனுப்பலாம். அமராவதியில் ஐபிஎம்மின் 156 கியூபிட் கணினியை நிறுவப் போவதாக 2025-ல் அறிவித்தார்கள். அது வெளியில் கட்டி முடித்ததைக் கொண்டுவந்து வைப்பது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்ததுதான் கட்டுவது. 2024 ஆகஸ்டில் அங்கே ஆறு கியூபிட் செயலி (ப்ராசஸர்) ஒன்றைச் சோதித்து முடித்தார்கள்.

அந்த ஆறு கியூபிட் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. கியூபிட்டை வடிவமைத்ததும் செய்ததும் டாட்டா நிறுவனத்து ஆய்வகம். அதை இயக்கி அளக்கும் மின்னணுக் கருவிகளைக் கோத்தது புனேயில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகம். கடையில் கிடைக்கும் கருவிகளையும் தாங்களே நிரல் எழுதிய சர்க்யூட் போர்டுகளையும் கலந்து செய்தார்கள். வெளியிலிருந்து வேலை கொடுப்பதற்கான மேகக்கணினி இடைமுகத்தை எழுதியது டிசிஎஸ். மூன்று இடம், மூன்று வேலை. ஒருவர் வேலையை இன்னொருவரால் எளிதில் செய்துவிட முடியாது.

ஏன் இப்படிப் பிரிகிறது என்பது இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் புரியும். மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள், அதைக் கொண்டு செய்த வகைக் குவாண்டம் கணினியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தங்க முலாம் பூசிய செம்புத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும், கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு மாதிரி. அந்த அழகான பகுதி முழுக்கக் குளிர்விப்பான்தான். கணினி என்று சொல்லத்தக்க சில்லு (சிப்) அடித்தட்டில், நகத்தளவு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேல் தட்டு அறை வெப்பநிலை, அதாவது சுமார் 300 கெல்வின்; சுழி கெல்வின் என்றால் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ். கீழே வர வர 50 கெல்வின், 4 கெல்வின், 1 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு, 0.1 கெல்வின் என்று இறங்கி, கடைசித் தட்டு 0.01 அல்லது 0.02 கெல்வினில் நிற்கும்.

அலுமினியம் 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடுகிறதே, ஏன் இவ்வளவு கீழே போக வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கியூபிட்டை 0 நிலையிலிருந்து 1 நிலைக்கு ஏற்ற சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் துடிப்பு போதும். அந்த ஒரு ஃபோட்டானின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிக் கணக்குப் போடுங்கள். பிளாங்க் மாறிலியும் போல்ட்ஸ்மன் மாறிலியும் உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கின்றன. 0.24 கெல்வின் வரும். சுற்றுப்புறம் அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பமே கியூபிட்டைத் தட்டித் தட்டி 1 ஆக்கிவிடும், நீங்கள் எழுதிய கணக்கு அழிந்துவிடும். அதனால் அந்த எண்ணைவிடப் பத்து மடங்காவது கீழே போக வேண்டும்.

அந்தக் குளிரை உண்டாக்குவது டைல்யூஷன் ஃப்ரிட்ஜ். ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 கலந்த திரவத்தை 0.87 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், எண்ணெயும் தண்ணீரும் போல அது இரண்டு அடுக்காகப் பிரியத் தொடங்கும். மேலே ஹீலியம்-3 மிகுந்த அடுக்கு, கீழே ஹீலியம்-4 மிகுந்த அடுக்கு. எவ்வளவு குளிரவைத்தாலும் கீழ் அடுக்கில் 6.6 சதவீதம் ஹீலியம்-3 கரைந்தே இருக்கும். இயற்கை நமக்குச் செய்த உதவி அது. கீழ் அடுக்கிலிருந்து ஹீலியம்-3ஐப் பம்ப் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால், ஈடுகட்ட மேல் அடுக்கிலிருந்து அது இறங்கிக் கரையும். கரையும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதற்கு இது தூரத்துச் சொந்தம்.

ஹீலியம்-3 பூமியில் அரிது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்து உண்டாவதுதான். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். கல்பாக்கத்துக் கனநீர் உலையின் கனநீரில் டிரிட்டியம் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பரபரக்கும். அதைப் பிரித்தெடுப்பது தனித் தொழில்நுட்பம், இந்தப் பதிலில் அடங்காது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

குளிர்விப்பானுக்குள் இறங்கும் கம்பிகள் இன்னொரு கலை. செம்புக் கம்பி போட்டால் அது மேலிருக்கும் வெப்பத்தையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். அதனால் துருப்பிடிக்காத எஃகு, செம்பு-நிக்கல் கலவை போன்றவற்றில் செய்த மெல்லிய கோஆக்ஸ் கேபிள்கள். சிக்னலோடு இறங்கும் வெப்ப இரைச்சலைக் கொல்ல வழியில் தட்டுகளில் அட்டெனுவேட்டர் என்ற சிக்னல் தணிப்பான்களை வைப்போம். மொத்தம் 60 டெசிபல், அதாவது மேலே கொடுத்த திறனில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கீழே சேரும். கியூபிட் சொல்லும் பதிலோ அதைவிட மெலிதானது. அதை 4 கெல்வின் தட்டில் ஒரு தடவை பெருக்கி, வெளியே வந்ததும் மறுபடியும் பெருக்கித்தான் படிக்க வேண்டும். இது முழுக்க மைக்ரோவேவ் பொறியாளரின் வேலை. இயற்பியல் துறைக்காரர்கள் தாங்களே செய்து பார்த்து, ஆறு மாதம் கழித்துப் பக்கத்துக் கட்டடத்து மின்னணுத் துறையில் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சில்லு. அதன் இதயம் ஜோசப்சன் சந்தி. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு. ஒரு கோணத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, சில நிமிடம் அளவாக ஆக்சிஜனை உள்ளே விட்டு, வேறு கோணத்தில் மறுபடியும் அலுமினியத்தைப் படியவைப்பார்கள். ஆக்சைடு இம்மி கூடினாலும் சந்தியில் ஓடும் மின்னோட்டம் பல மடங்கு குறைந்துவிடும். இந்தச் சந்தி வைத்த மின்சுற்றில் குவாண்டம் ஆற்றல் படிகளை 1980-களில் அளந்து காட்டியதற்குத்தான் ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025-ன் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில்தான் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜோசப்சன் சந்திக்காகச் சென்னைக்காரர்கள் தூரதேசம் போக வேண்டியதில்லை. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நையோபியம் சந்திகளை வைத்து ஸ்க்விட் என்ற காந்தப்புல உணரிகளை எத்தனையோ வருடமாகச் செய்துவருகிறார்கள். இதயமும் மூளையும் உண்டாக்கும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளை அந்த உணரிகளை வைத்தே அமைத்தார்கள். அது கியூபிட் இல்லைதான். பொருளும் அளவும் வேறு. ஆனால் மெல்லிய ஆக்சைடைக் கட்டுப்படுத்துவது, மீக்கடத்திப் படலத்தில் நுண்கோடு வரைவது, காந்த இரைச்சல் புகாத அறை கட்டுவது ஆகிய கை அனுபவம் எல்லாம் அங்கே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் போனால் போதும். இப்படிப்பட்டவர்கள் ஒரு பக்கமும், கியூபிட் வடிவமைக்க ஆசைப்படும் ஆராய்ச்சி மாணவர்கள் இன்னொரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட்டால், அதைவிடப் பெரிய விரயம் வேறில்லை.

தரமணியில் இன்னும் நெருக்கம். சிஐடி வளாகத்துக் குறுக்குத் தெருக்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். நான்காம் குறுக்குத் தெருவில் கணித அறிவியல் நிறுவனம். குவாண்டம் தகவலியல் கோட்பாட்டில் உலகம் மதிக்கும் இடம். அங்கிருந்த ஆர். சைமன் 2000-ல் வெளியிட்ட கட்டுரை, ஒளிக்கற்றைகள் போன்ற தொடர் மாறிகள் கொண்ட அமைப்புகளில் குவாண்டம் பின்னல் (இரண்டு பொருள்களின் நிலைகள் பிரிக்க முடியாமல் பிணைந்திருப்பது) இருக்கிறதா என்று சோதிக்கும் அளவுகோலைத் தந்தது. சைமன் அளவுகோல் என்றே அதற்குப் பெயர். அதே வளாகத்தில் மைக்ரோவேவ், மின்காந்த இடையீடு ஆகியவற்றுக்கென்றே சமீர் நிறுவனத்தின் சென்னை மையம். குறியாக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குச் செட்ஸ். சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள். கனகம் சாலைப் பக்கம் வந்தால் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். நான் மேலே சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீட்டு விலாசம் இந்த ஊரில் இருக்கிறது.

சேர்ந்து செய்வது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கணித அறிவியல் நிறுவனம் பிறந்த கதையே அதுதான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூர் லஸ் பகுதியில் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாசத்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். மாணவர்கள் மாடியில் கூடினார்கள், வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து பேசினார்கள். 1960-ல் இந்தியா வந்த டென்மார்க் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அந்தக் குழுவைப் பார்த்து மனம்விட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டு நேரு வரை எட்டியது, 1962-ல் நிறுவனம் உதயமானது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் 1980-களில் அதன் இயக்குநராக இருந்தார். அவரும் மிஸ்ராவும் 1977-ல் பெயர் சூட்டிய குவாண்டம் ஜீனோ விளைவை, அதாவது அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் ஒரு அமைப்பு மாறாமல் உறைந்து நிற்பதை, இன்று கியூபிட்டைப் பாதுகாக்கவும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். கோட்பாட்டுக்கு மொட்டை மாடியும் கரும்பலகையும் போதும். சோதனைக்கு அது போதாது. கருவி வேண்டும், கருவிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வெளியூரில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு பார்வை. சிகாகோ குவாண்டம் எக்ஸ்சேஞ்ச் 2017-ல் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகமும் ஆர்கான், ஃபெர்மி தேசிய ஆய்வகங்களும் முதலில்; பிறகு இல்லினாய், விஸ்கான்சின், நார்த்வெஸ்டர்ன், பர்டியூ பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. இந்தக் கூட்டமைப்பில் ஒன்று எனக்குப் பிடித்தது: பூமிக்கடியில் ஏற்கெனவே கிடந்த ஒளியிழைக் கேபிள். 2020-ல் 52 மைல் சுற்று, 2022-ல் 124 மைல். ஓர் ஆய்வகத்தின் சுவருக்குள் அடங்காத சோதனைக்களம் அது. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 2018-ல் தொடங்கிய திட்டத்துக்கு ஒரு அறக்கட்டளை நீண்ட காலப் பணம் கொடுத்தது. இலக்கு 100 கியூபிட். ஃபின்லாந்தில் விடிடி என்ற அரசு ஆய்வு நிறுவனமும் ஐக்யூஎம் என்ற நிறுவனமும் 2021-ல் 5 கியூபிட்டில் ஆரம்பித்து, 2023-ல் 20, 2025-ல் 50 என்று படிப்படியாக ஏறினார்கள். ஐம்பத்தைந்து லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு. ஐந்து கியூபிட்டில் ஆரம்பிக்க அவர்கள் கூச்சப்படவில்லை. டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் செய்வதில் உலகின் முன்னணி நிறுவனமான ப்ளூஃபோர்ஸும் அதே நாட்டில்தான் இருக்கிறது. அங்கே தாழ்வெப்பநிலை ஆராய்ச்சி தலைமுறை தலைமுறையாக நடந்ததன் விளைச்சல் அது.

இந்தியாவில் இதற்கான பெரிய சட்டகம் தேசிய குவாண்டம் இயக்கம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரைக்கும் 6,003.65 கோடி ரூபாய். எட்டு வருடத்தில் 50 முதல் 1,000 கியூபிட் வரை உள்ள கணினிகள் என்பது இலக்குகளில் ஒன்று. நான்கு மையங்கள்: கணினிக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், தகவல்தொடர்புக்கு ஐஐடி மெட்ராஸும் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டும், உணரிகளுக்கு ஐஐடி பம்பாய், பொருட்களுக்கும் சாதனங்களுக்கும் ஐஐடி டெல்லி. கவனித்தீர்களா, சென்னைக்கு வந்தது தகவல்தொடர்பு, கணினி அல்ல. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஃபோட்டானை ஒளியிழையில் கெடாமல் அனுப்பத் தெரிந்த ஊருக்கு, நாளைக்கு இரண்டு சிறிய குவாண்டம் கணினிகளை இணைக்கத் தெரியும். ஆனால் அதையே சாக்காக வைத்து “கணினி நம் வேலையில்லை” என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மையம் எங்கே இருந்தாலும் கம்பி இழுக்கவும் சந்தி செய்யவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் வளர வேண்டும்.

ஐந்து, ஏழு என்று நான் சொன்ன எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. கியூபிட் தவறு செய்துகொண்டே இருக்கும். பல கியூபிட்களைச் சேர்த்து ஒரே ஒரு நம்பகமான கியூபிட்டாக நடத்துவதுதான் பிழைதிருத்தம். கூகுள் 2024 டிசம்பரில் தன் 105 கியூபிட் வில்லோ சில்லில், கியூபிட்களைக் கூட்டக் கூட்டப் பிழை குறைவதைக் காட்டியது. அந்த உயரம் நமக்கு இப்போது வேண்டாம். எந்த ஒரு கியூபிட்டில் எந்தப் பிழை வந்தாலும் திருத்த வேண்டுமானால் குறைந்தது ஐந்து கியூபிட் வேண்டும் என்பதும், ஐந்தே போதும் என்பதும் 1996-லேயே தெரியும். பிழையைக் கண்டுபிடித்து அளக்கக் கூடுதலாக ஒன்றிரண்டு. ஆக ஏழு கியூபிட் இயந்திரத்தில் உருப்படியான கேள்விகளைக் கேட்கலாம். தரமணியில் கோட்பாடு எழுதுபவர் தன் குறிமுறை நிஜக் கருவியில் எப்படி நடந்துகொள்கிறது என்று மறுநாளே வந்து பார்க்கலாம். ஐபிஎம் கணினியில் மேகத்தின் வழியாக ஓட்டும்போது கிடைக்காதது இது: துடிப்பு ஏன் கோணலாக வந்தது என்று மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை.

இப்போது கசப்பான பகுதி. கூட்டு ஆராய்ச்சி என்ற பெயரில் ஒப்பந்தம் போட்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்துக்கொண்ட பிறகு என்ன நடக்கும் என்பதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். ஓர் இடத்தில் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி வந்து இறங்கியது. ப்ளாஸ்டிக் உறை போட்டபடி இரண்டு வருடம் நின்றது. கருவி வாங்கப் பணம் இருந்தது, அதை ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நிதித் தலைப்பு இல்லை. கம்ப்ரஸரைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது என்று இரண்டு துறைகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன. சென்னை மே மாத வெயிலில் சில்லர் நின்றால், குளிர்விப்பானின் மேல் தட்டுகளைக் குளிரவைக்கும் பல்ஸ் டியூப்பின் கம்ப்ரஸர் சில நிமிடத்தில் தன்னையே நிறுத்திக்கொள்ளும், சில்லு சூடேறிவிடும், மறுபடி குளிர்விக்க இரண்டு நாளாவது ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஜெனரேட்டருக்கு டீசல் தேடி நான் அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை. மரங்கள் விழுந்து தெருவே அடைபட்டிருந்தது. அன்று உதவிக்கு வந்தவர் பக்கத்து நிறுவனத்தின் மின்பிரிவு ஊழியர். எந்த ஒப்பந்தத்திலும் அவர் பெயர் இல்லை.

அதனால் யாராவது என்னிடம் “கூட்டமைப்புக்கு முதலில் என்ன வேண்டும்?” என்று கேட்டால், ஆறு வருடமாவது உறுதியான சம்பளத்தோடு நான்கு தொழில்நுட்பர்களைப் போடுங்கள் என்பேன். ஒருவர் குளிர்விப்பானுக்கு, ஒருவர் சுத்த அறைக்கு, ஒருவர் மைக்ரோவேவுக்கு, ஒருவர் கட்டுப்பாட்டு நிரலுக்கு. ஆராய்ச்சி மாணவர் ஐந்து வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், போகத்தான் வேண்டும். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் கலவை சீராக ஓடும் என்ற அறிவு அவரோடு போய்விடக் கூடாது. அடுத்ததாக, கருவி நேரத்தில் ஒரு பங்கு வெளியாட்களுக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பேசி முடிவு செய்யலாம். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், நட்பை நம்பி விடக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு மே மாதம் எங்கள் குளிர்விப்பானில் கசிவு. பத்து நாளாகத் தேடுகிறோம். கசிவு தேடுவது எப்படி என்றால், உள்ளே வெற்றிடமாக்கி டிடெக்டரை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய ஊசி முனையால் ஹீலியம் வாயுவைத் தூவ வேண்டும். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே போகும், டிடெக்டர் கத்தும். ஹீலியம் லேசானது, மேலே ஏறும். அதனால் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் கீழே தூவியது மேலே இருக்கும் ஓட்டைக்குள் போய் நம்மை ஏமாற்றும். நாங்களும் முறைப்படிதான் செய்தோம். இடது பக்க ஃப்ளாஞ்ச் (குழாய்களை முறுக்கி இணைக்கும் விளிம்பு) ஒன்றில் தூவும்போதெல்லாம் டிடெக்டர் கத்தியது. அதை இரண்டு தடவை கழற்றி, கசிவை அடைக்கும் இண்டியம் கம்பியை மாற்றி, மறுபடி முறுக்கினோம். அப்போதும் கத்தியது.

புறநகர்க் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு மாதப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருந்தாள். ஓரமாக நின்று அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், “சார், டிடெக்டர் உடனே கத்தல, ஏழெட்டு செகண்ட் கழிச்சுதான் கத்துது. ஃபேனை நிறுத்திட்டுப் பாக்கலாமா?” என்றாள். ஓட்டை அங்கேயே இருந்தால் உடனே கத்தியிருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினோம். இடது ஃப்ளாஞ்ச் அமைதியாகிவிட்டது. காற்று அடித்துக்கொண்டு போய்ச் சேர்த்த இடம் பின்பக்கம், கைக்கு எட்டாத ஒரு கேபிள் இணைப்பு. ஓட்டை அங்கே இருந்தது. அவளிடம் நேர அளவுகளை எழுதி வைத்த நோட்டு இருந்தது, எங்களிடம் அது இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது. அவளைத் தொடர்ந்து வரச் சொல்ல எனக்கு ஆசை. அவள் கல்லூரிக்கும் எங்கள் இடத்துக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, அதனால் நுழைவுச் சீட்டைப் புதுப்பிக்க முடியாது என்றார்கள். நான் போய்க் கேட்டேன், எழுதியும் கொடுத்தேன், நடக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு மனத்தாங்கல்தான். கிண்டி, தரமணி, கல்பாக்கம் மட்டும் சேர்வது வட்டாரக் கூட்டு ஆகிவிடாது. சென்னையையும் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களையும் சுற்றி இருக்கும் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு பொது நுழைவுச் சீட்டு இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். எந்தப் பெரிய கூட்டத்திலும் என்னை விட்டால் நான் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.

சரி, நீங்கள் இப்போதே செய்யக்கூடியவை. ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல்லில் குவாண்டம் கணினியியல், குவாண்டம் தகவலியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒன்றை முழுதாக முடியுங்கள், மூன்றை அரைகுறையாக வேண்டாம். பைத்தான் பழகிக்கொண்டு ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் தொகுப்பான கிஸ்கிட்டில் அந்த ஐந்து கியூபிட் பிழைதிருத்தக் குறிமுறையை நீங்களே எழுதிப் பாருங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள், அதைச் செய்ய நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி ஏதாவது ஒன்றின் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்ற மைக்ரோவேவ் அளவுக் கருவி இருக்கும். பேராசிரியரிடம் அனுமதி கேட்டு அதில் ஒரு கேபிளின் இழப்பை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் துறையின் ரோட்டரி பம்ப்பைக் கழற்றி எண்ணெய் மாற்றும் நாளில் கூட நில்லுங்கள். மைக்ரோவேவ் கேபிள் முனையில் வரும் எஸ்எம்ஏ இணைப்பியைச் சுத்தமாகப் பற்றவைக்கத் தெரிந்த இயற்பியல் முதுகலை மாணவர் கிடைத்தால் எந்த ஆய்வகமும் விடாது.

பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதும்போது, “குவாண்டம் துறையில் மிகுந்த ஆர்வம் உள்ளது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் அளந்த ஒன்றின் வரைபடத்தை இணைத்து, அதில் எங்கே பிசகியது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆய்வகத்தைப் பார்க்க அனுமதித்தால் சில்லைப் பற்றிக் கேட்பதற்கு முன், குளிர்விப்பானை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.